மாரிக்கு முன் வீட்டை ஆயத்தமாக்குதல்: திருகோணமலை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வீட்டை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் கடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் நான்கு, டோச் ஒன்று, மெழுகுதிரிப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வருகின்றன. வந்தவை அலுமாரிக்கு மேலே ஏறுகின்றன. கார்த்திகையில் காற்று எழுந்து மின்சாரம் போகும் இரவில் அவை இருக்கும் இடம் வாங்கியவருக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது, அவரோ அன்று வேலையிலிருந்து திரும்பியிருக்கமாட்டார். எங்கள் வீட்டிலும், உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கத்து உறவினர் வீடுகள் சிலவற்றிலும் இந்த வேலையைச் செய்து முடித்த அனுபவத்தில் சொல்கிறேன்: வேலையின் வரிசை மாறுவதால்தான் பெரும்பாலானோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பொருள் வாங்குவது கீழே ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னுள்ள எதையும் தாண்டிப் போகவேண்டாம்.

1. காலத்தையும் தேவையானவற்றையும் தீர்மானியுங்கள்

எங்கள் பக்கத்தில் ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரை ஓயாது. வங்காள விரிகுடாவில் எழும் சூறாவளிகளும் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் இந்தக் கரையை நோக்கி வருகின்றன. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரவிச் சூறாவளி கரை கடந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆகவே வேலையை ஆவணியில் தொடங்கிப் புரட்டாதி முடிவதற்குள் நிறைவேற்றவேண்டும். ஆவணி வெயிலில் பாய், துணி, பெட்டி எல்லாம் ஒரே பகலில் காய்ந்துவிடும். மழை தொடங்கிய பின் ஈரத்தோடு மூடிய பெட்டி ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

தேவையானவை மிகக் குறைவு: ஒரு கொப்பி, அழியாத மையுள்ள மார்க்கர் பேனை, வெள்ளைப் பிளாஸ்டர் சுருள் ஒன்று, வெறும் சாக்கு மூன்று. இரண்டு அரைநாட்களை ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் வீட்டிலுள்ள முதியவர்களும் பிள்ளைகளும் உடனிருக்கவேண்டும், ஏனெனில் பாதிச் சாமான்கள் இருக்கும் இடம் முதியவர்களுக்குத்தான் தெரியும். மீதியை எடுத்து இடம் மாற்றுகிறவர்கள் பிள்ளைகள்.

2. கேட்டு எழுதுங்கள்

எதையும் தொடாமல், கொப்பியோடு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே? தண்ணீர் வால்வு எங்கே? கேற்றின் இரண்டாவது திறப்பு, டோச், நெருப்புப்பெட்டி, கயிறு, ரின் வெட்டி, அடையாள அட்டைகள், காணி உறுதி, கிளினிக் கொப்பி ஆகியவை எங்கே? சொன்ன பதிலை அப்படியே எழுதிவிட்டுப் பிறகு போய்ப் பாருங்கள்.

ஒரு வீட்டில் காணி உறுதி வங்கிப் புத்தகங்களோடு இருப்பதாகக் கணவர் சொன்னார், அலுமாரி லாச்சிக்குள் என்றார் மனைவி. அது கணவருடைய தாயாரின் டிரங்குப் பெட்டியில், கூறைச் சேலைக்குக் கீழே, செய்தித்தாளில் சுற்றியபடி இருந்தது. சேலையின் ஈரம் தாளில் இறங்கி, உறுதியின் ஒரு மடிப்பு ஏற்கெனவே பழுப்பேறியிருந்தது. பதில்கள் எங்கே முரண்படுகின்றனவோ அந்தப் பொருட்களுக்குத்தான் முதலில் இடம் தேடவேண்டும். முரண்பாடு இல்லாதவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் வீட்டில் எவருக்கும் எதுவும் கிடைக்காமல் போகும். இது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

3. கழிக்கவேண்டியதைக் கழியுங்கள்

மூன்று சாக்குகளில் ஒன்று எறிவதற்கு, ஒன்று பிறருக்குக் கொடுப்பதற்கு, ஒன்று முடிவெடுக்க முடியாதவற்றுக்கு. மூன்றாவது சாக்கின் வாயைக் கட்டித் திகதி எழுதி வையுங்கள். அடுத்த மாசிவரை யாரும் தேடாதவற்றைக் கொடுத்துவிடலாம். கடற்காற்றில் துருவேறிய பூட்டு, மூடி இறுகாத போத்தல், கசிந்த பட்டரி, திகதி கடந்த மருந்து ஆகியவற்றுக்கு இந்த யோசனை தேவையில்லை, அன்றே வெளியேறட்டும். ஒழுங்குபடுத்திய பிறகு கழிக்கலாம் என்று நினைத்தால் பயனற்றவற்றுக்கும் இடம் ஒதுக்கவேண்டி வரும்.

4. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடத்தைக் குறியுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்துவது இந்தப் படியைத்தான். ஒரு பொருளை, அதை வைக்காத ஒருவர், இருட்டில், கையால் தடவி எடுக்க முடியவேண்டும். இந்த ஓர் அளவுகோலைக் கொண்டு எல்லா இடங்களையும் தீர்மானிக்கலாம்.

அலுமாரியின் மேற்பகுதியையும் பரணையும் அவசரப் பொருட்களுக்குப் பயன்படுத்தக்கூடாது. இருட்டில் கதிரையை இழுத்துப்போட்டு ஏறுவது ஆபத்து, முதியவர்களால் அது முடியவும் முடியாது. நிலத்திலும் வைக்கக்கூடாது. கிண்ணியா, மூதூர், வெருகல் போன்ற மகாவலி வெள்ளம் ஏறும் பகுதிகளில் மட்டுமல்லாமல், நகரத்திலும் வடிகால் அடைத்தால் வாசலுக்குள் தண்ணீர் வந்துவிடும். இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரமே சரியானது.

டோச்சைச் சமையலறைக் கதவு நிலையின் வலப்பக்கத்தில் ஒரு கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறோம். முதலில் சாதாரண இரும்பாணி அடித்திருந்தோம். கடற்கரையிலிருந்து அரை மைல் தூரத்தில் உள்ள எங்கள் வீட்டில் அது ஒரே மாரியில் துருவேறிச் சுவரில் செம்மண் நிறத்தில் கோடிட்டது, டோச்சின் கயிறும் அந்தத் துருவில் ஒட்டி அறுந்தது. இப்போது பித்தளைக் கொக்கி போட்டிருக்கிறோம், எவர்சில்வரும் பரவாயில்லை. பெட்டிகளின் பிணைச்சல், பூட்டு, தகர ரின் அனைத்துக்கும் இதே கவனம் வேண்டும்.

பயன்படுத்துகிறவரின் பழக்கத்தை மீறி இடம் குறித்தால் அது நிலைக்காது. மாமியின் கிளினிக் கொப்பியை நான் மருந்துப் பெட்டியில் வைப்பதும், அடுத்த நாளே அது தலையணைக்குக் கீழே போவதுமாக இருந்தது. “பிள்ளை, ராவில எனக்கு மூச்சு வாங்கினால் நான் எழும்பிப் பெட்டி தேடுறதோ?” என்று அவர் கேட்டபோதுதான் புரிந்தது. அவருடைய கட்டிலின் தலைமாட்டில் ஒரு துணிப்பையைக் கட்டி, கொப்பியையும் மூச்சு வாங்கும்போது இழுக்கும் பம்மையும் அதில் வைத்தோம். மூன்று ஆண்டுகளாக அவை அங்கேயே இருக்கின்றன.

இடங்களைத் தீர்மானித்த பிறகு பிளாஸ்டர் துண்டில் பொருளின் பெயரைப் பெரிதாக எழுதி, பொருளின் மேல் ஒட்டாமல் அந்த இடத்தின் மேல் ஒட்டுங்கள். அப்போதுதான் பொருள் இல்லாதபோதும் அதன் வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும்.

5. ஆவணங்களைப் பிரித்து அடுக்குங்கள்

எல்லா ஆவணங்களையும் ஒரே பையில் திணிப்பது வழக்கம். அவற்றை, தொலைந்தால் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்ற அடிப்படையில் மூன்றாகப் பிரியுங்கள்.

முதற்கட்டு, மூலப்பிரதி போனால் பெருந்துன்பம் தருபவை: காணி உறுதி அல்லது அரச காணியின் அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம், மரண சாசனம், நீதிமன்றத் தீர்ப்புகள். இரண்டாங்கட்டு, அலைந்தாலும் மீண்டும் பெறக்கூடியவை: பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள். இவற்றின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம், ஆனால் பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்திருந்தால் வேலை விரைவாக முடியும். ஆகவே அந்த இலக்கங்களை உங்கள் கொப்பியில் தனியாக எழுதிவையுங்கள். மூன்றாங்கட்டு, அன்றாடம் கைக்குத் தேவையானவை: அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகங்கள், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவேடு.

முதலிரண்டு கட்டுகளையும் தனித்தனித் தடித்த பொலித்தீன் உறைகளில் இட்டு, வாயை இறுக மடித்து, இரண்டையும் ஒரு பையில் வையுங்கள். மூன்றாங்கட்டு வேறு பையில் இருக்கட்டும்; அடிக்கடி திறக்கும் பையோடு உறுதியையும் வைத்தால் ஒருநாள் அது வங்கி வரிசையில் தவறி விழும்.

காணி உறுதியை லெமினேற் செய்யவேண்டாம். பழைய தாளின் மை வெப்பத்தில் மங்கக்கூடும். பின்னர் அதில் ஒரு குறிப்போ முத்திரையோ பதிவதற்கும் வழியில்லை. ஒட்டிய உறையைக் கிழிக்காமல் பிரிக்கவும் முடியாது. பாதுகாப்புக்காகச் செய்வதாக நினைத்தே பலர் இதைச் செய்துவிடுகிறார்கள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். வீதிக்கு இரண்டு வீடு தள்ளியுள்ள அக்காவிடம் கொடுத்தால் அதே வெள்ளம் அவருடைய வீட்டுக்கும் வரும்.

6. இப்போது வாங்குங்கள்: தண்ணீர், உணவு, எரிபொருள்

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லீற்றர் என்று கணக்கிடுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாட்களுக்கு 60 லீற்றர். மேல்தொட்டி இருக்கிறது என்ற தைரியம் போதாது. மோட்டார் ஓடாவிட்டால் தொட்டி நிரம்பாது, குளிப்பதற்கும் மலசலகூடத்துக்கும் திறந்தால் ஒரே நாளில் அது வற்றிவிடும். குடிதண்ணீரை மூடியுள்ள கேன்களில் தனியாக வைத்து, மாதம் ஒருமுறை செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். திறந்த வாளியில் நிற்கும் தண்ணீர் நுளம்பு பெருகும் இடமாகும், டெங்கு வருவதும் இதே மழைக்காலத்தில்தான்.

வெள்ள நீர் கலந்த கிணற்றைத் தெளிந்துவிட்டது என்று பார்த்துக் குடிக்கக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, கிணற்றை இறைத்துக் குளோரீன் இட்ட பின்பே பாவிக்கவேண்டும். அதுவரை வேறிடத்திலிருந்து எடுத்துவரும் நல்ல தண்ணீரையும் நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பது நல்லது.

உணவில் தனியான அவசர இருப்பு வேண்டாம் என்பது என் கருத்து. ரின்மீனும் பிஸ்கட்டும் ஒரு பெட்டியில் ஒளித்துவைத்தால் திகதி கடந்த பிறகுதான் நினைவுக்கு வரும். வழக்கமாக உண்பதையே ஒரு வாரத்துக்கு மேலதிகமாக வையுங்கள்: அரிசி, பருப்பு, வறுத்த அரிசிமா, அவல், கருவாடு, சீனி, தேயிலை, பால்மா. புதியதைப் பின்னால் வைத்து முன்னால் உள்ளதை எடுங்கள். எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி செல்வதால், அரிசிவாளியில் உட்புறமாக ஒரு கோடிட்டிருக்கிறோம். அரிசி அந்தக் கோட்டுக்கு இறங்கினால் பத்துக் கிலோ மீதியிருக்கிறது என்று பொருள், அன்றே கடைக்குப் போகவேண்டும்.

எரிவாயுவுக்கும் இதே முறைதான். புதுச் சிலிண்டர் பூட்டிய திகதியைச் சமையலறை நாட்காட்டியில் எழுதுங்கள். மூன்று சிலிண்டர்களுக்குப் பிறகு உங்கள் வீட்டில் 12.5 கிலோ எத்தனை நாட்கள் போகும் என்பது தெரிந்துவிடும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கவேண்டும், குழாய் இணைப்பில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்க்கவேண்டும். முற்றத்தில் விறகடுப்புக்கு வசதியிருந்தால் ஒரு கட்டு விறகையும் பொச்சுமட்டையையும் மழை படாத இடத்தில் அடுக்கிவையுங்கள். 2022 ஆம் ஆண்டு எரிவாயு வரிசைகளில் நின்றவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

7. மருந்துகளை நாள் எண்ணி வையுங்கள்

அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கே மருந்து தருகிறார்கள். அடுத்த திகதி அடைமழையில் விழுந்தால் மாத்திரை முடிந்த நாளில் வீதி மூடியிருக்கும். ஒவ்வொரு மருந்துப் பொட்டலத்தின் மேலும் அது முடியும் திகதியை எழுதுங்கள். ஐப்பசிக் கிளினிக்கிலேயே மருத்துவரிடம் மழைக்காலத்தைக் குறிப்பிட்டுச் சில நாட்களுக்கான மேலதிக மருந்து பெற வழியுண்டா என்று கேட்டுவையுங்கள்.

இன்சுலின் பாவிப்பவர்கள் வீட்டில் இருந்தால், மின்சாரம் நீண்டநேரம் இல்லாதபோது அதை எப்படி வைப்பது என்பதையும் அதே நாளில் தாதியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத்தட்டில் வைக்கலாம், உறைநிலைப் பகுதியில் வைக்கவே கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது.

8. வெளிச்சமும் தொடர்பும்

டோச்சைப் பட்டரியோடு மாதக்கணக்கில் வைத்தால் பட்டரி கசிந்து உள்ளிருக்கும் தகட்டை அரித்துவிடும். பட்டரிகளைக் கழற்றி, சிறு பொலித்தீன் உறையில் இட்டு, டோச்சின் கழுத்திலேயே ரப்பர் வளையத்தால் கட்டிவையுங்கள். ஐப்பசி பிறந்ததும் உள்ளே போடலாம். மெழுகுதிரியையும் குப்பி விளக்கையும் நுளம்பு வலை தொங்கும் அறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.

கைப்பேசி அணைந்துவிட்டால் அதற்குள் இருக்கும் இலக்கங்களும் உடன் போய்விடும். ஒரு தடித்த மட்டையில் இவற்றை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, மின்சாரத் தடை 1987, நீர் வழங்கல் சபை 1939. அவற்றின் கீழே உங்கள் கிராம உத்தியோகத்தர், அயலவர் இருவர், வெளியூர் உறவினர் ஒருவர் ஆகியோரின் இலக்கங்கள் வரட்டும்.

9. வீட்டின் வெளிப்புறம்

பீலியில் சேர்ந்த சருகை அள்ளுங்கள், தளர்ந்த கூரைச் சீற்றின் ஆணிகளை இறுக்குங்கள், கூரைக்கு மேலே சாயும் தென்னையின் காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் ஆள்பிடித்து இறக்குங்கள். மழை தொடங்கிய பின் மரமேறுகிறவர்கள் வரமாட்டார்கள்.

10. புறப்படும் பையைக் கட்டுங்கள்

பையைக் கடைசியில் கட்டச் சொல்வதற்குக் காரணம், அதற்குள் போகும் எல்லாமே முந்தைய படிகளில் உருவானவை. மூன்றாங்கட்டு ஆவணங்கள், மூன்று நாள் மருந்து, ஆளுக்கொரு மாற்றுடை, சாரம் ஒன்று, குழந்தையின் பால்மா, மாதவிடாய்த் துணிகள், சில்லறையாக மாற்றிய பணம், விசில், சிறு டோச். முதற்கட்டு, இரண்டாங்கட்டு ஆவணங்களின் பையை இதன் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். கட்டிய பையை வீட்டிலேயே பலம் குறைந்த பெரியவர் தூக்கிப் பார்க்கவேண்டும். அவரால் ஐந்து நிமிடம் நடக்க முடியாவிட்டால் பொருட்களைக் குறையுங்கள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். இந்தப் பை வெள்ளத்துக்கும் சூறாவளிக்கும் உரியது. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, நிலம் பலமாக அதிர்ந்தாலோ, ஆழிப்பேரலை எச்சரிக்கை ஒலித்தாலோ பையைத் தேடக்கூடாது, எதற்காகவும் வீட்டுக்குத் திரும்பக்கூடாது, உயரமான இடத்துக்கு உடனே ஓடவேண்டும். எந்த இடம் என்பதையும் முன்கூட்டியே காட்டிவையுங்கள்.

11. ஓர் இரவு மெயின் சுவிட்சை அணையுங்கள்

புரட்டாதியில் ஒரு நாள் இரவு ஏழரை மணிக்கு, முன்னறிவிப்புக் கொடுத்து, ஒரு மணிநேரம் வீட்டை இருட்டாக்குங்கள். ஒவ்வொருவரும் ஒரு பொருளை எடுத்துவரவேண்டும். இடங்களைத் தீர்மானித்தவர் வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கவேண்டும். எங்கள் முதல் ஒத்திகையில் ஒன்பது வயது மகள் டோச்சை உடனே எடுத்துவந்தாள், ஆனால் மாமியின் கை கொக்கிக்கு எட்டவில்லை. அடுத்த நாள் கொக்கியை நான்கு அங்குலம் இறக்கினோம். குளிர்சாதனப் பெட்டியை யார் திறக்கிறார்கள் என்பதையும் அப்போது கவனியுங்கள். மூடியே வைத்தால் உள்ளிருக்கும் உணவு சுமார் நான்கு மணிநேரம் கெடாது, அடிக்கடி திறந்தால் அந்த நேரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

12. போயா தோறும் பார்வையிடுங்கள்

மாதச் சோதனைக்குத் தனித் திகதி வைத்தால் மறந்துபோகும். போயா மாதந்தோறும் தவறாமல் வரும் விடுமுறை என்பதால் அன்று காலை தேநீருக்குப் பிறகு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். கேன் தண்ணீர் மாற்றுதல், மருந்துத் திகதி, பட்டரி, அரிசிக் கோடு, பவர் பாங்கின் மின்னேற்றம், பிள்ளைகளின் உடை அளவு ஆகியவற்றைப் பாருங்கள். பிள்ளைகளின் உடைதான் எப்போதும் விடுபடும். சென்ற ஆண்டு பையில் வைத்த சட்டை இவ்வாண்டு அவர்களுக்குப் பற்றாது.

ஒட்டிய பெயருக்கு மேல் பொருள் இல்லாவிட்டால் உடனே யாரையும் கடிந்துகொள்ளாமல், அது எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரே பொருள் மூன்று போயாக்களாக ஒரே வேறிடத்தில் கிடந்தால் பிளாஸ்டரைப் பிரித்து அந்த இடத்தில் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுக் கத்தரிக்கோல் அப்படித்தான் லாச்சியிலிருந்து தையல் மெசின் பக்கத்துச் சுவருக்கு வந்தது.